குறுக்குத்துறைக் கோவிலும் நேர்மறை மனநிலையும்

திருநெல்வேலி டவுனை ஒட்டித் தாமிரபரணிக்குள் நிற்கிறது குறுக்குத்துறை முருகன் கோவில். ஆற்றங்கரையில் என்று சொன்னால் போதாது, ஆற்றுக்குள்ளேயேதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்து, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்றால் கோவிலைச் சுற்றிக்கொண்டு வெள்ளம் போகும். பெரிய வெள்ளம் என்றால் கோவிலே முங்கிவிடும். அதற்குள் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் சகதியை வாரிக் கழுவிவிட்டால் பழையபடி பூஜை நடக்கும்.

சின்னப் பையனாக இருந்தபோது தாத்தாவிடம் கேட்டேன், வெள்ளம் வருகிற இடத்தில் யாராவது கோவில் கட்டுவார்களா என்று. "வந்தா மேல கொண்டுபோகணும், வடிஞ்சா கீழ கொண்டாரணும். அதுக்கு என்னல இப்போ?" என்றார்.

இந்த வருஷம் வெள்ளம் வராது என்று அங்கே யாரும் நம்பிக்கொண்டு இருப்பதில்லை. வந்துவிட்டதே என்று தலையில் கை வைத்து உட்காருவதும் இல்லை. 'நேர்மறை மனநிலை' என்று கல்லூரிகளிலும் கம்பெனிப் பயிற்சிகளிலும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். அதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனநல நிபுணன் இல்லை. டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன பிரஸ் வைத்திருக்கிறேன். ஆறேழு பேர் வேலை பார்க்கிறார்கள். இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததே நான் செய்த ஒரு தப்புக்கு அப்புறம்தான். அந்தக் கதை பின்னால் வரும்.

நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று பலர் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நான் புரிந்துகொண்டது வேறு. கெட்ட சேதி வரும்போது அதை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் ஒருவருடைய மனநிலை தெரியும். நல்ல சேதி வரும்போது எல்லாருமே நேர்மறையான ஆட்கள்தானே.

கெட்ட சேதிக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு கைவைத்தியம் உண்டு. ஒன்று, "நமக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்." இன்னொன்று, திருநெல்வேலிக்காரன் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும், "சவத்த விடு." முதலாவது ஆளைப் படுக்கப்போட்டுவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது எனக்குப் பிடிக்கும். பாரத்தைச் சட்டென்று இறக்கிவைத்துவிடும். ஆனால் அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. வருத்தத்தை விடும்போது, அந்த வருத்தம் கையில் கொண்டுவந்த தகவலையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் அதே தப்பு வாசலில் வந்து நிற்கும்.

மூன்று கேள்விகள்

மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஸ்டீவன் மையர் என்பவருடன் சேர்ந்து 1967ஆம் ஆண்டு வாக்கில் நாய்களை வைத்துச் சில சோதனைகள் செய்தார். என்ன செய்தாலும் மின்சார அதிர்ச்சியை நிறுத்த முடியாது என்று பட்டுத் தெரிந்துகொண்ட நாய்களை, தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலான நாய்கள் குதிக்கவே இல்லை, படுத்துக்கொண்டன. இதற்கு 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள். வாயில்லாத ஜீவனை அப்படிப் பாடுபடுத்தியதைப் படிக்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் மனதில் நின்றது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்கள் கடைசிவரை சோர்ந்துபோகவில்லை.

மனிதர்களில் யார் சோர்ந்துபோகிறார்கள், யார் எழுந்துவிடுகிறார்கள் என்று அப்புறம் பார்த்தபோது, நடந்ததை அவரவர் தனக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதில் வித்தியாசம் இருப்பதைக் கண்டார்கள். அதை மூன்று கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு காலத்துக்கு? இது எவ்வளவு தூரத்துக்குப் பரவும்? இதில் என் பங்கு எவ்வளவு?

சேரன்மகாதேவியில் இருக்கும் என் சித்தி மகள் குரூப் 4 தேர்வு எழுதினாள். மொத்தம் 200 கேள்வி. அதில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. முதல் தடவை கிடைக்கவில்லை. சித்தி என்னிடம் சொன்னது இது: "அவளுக்குக் கணக்கு வராதுப்பா. நம்ம வம்சத்துக்கே வராது." அந்த ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள். 'வராது' என்பதில் காலம் முழுக்க என்று இருக்கிறது. 'கணக்கு' என்ற சொல் இருக்கிற எல்லாக் கணக்கையும் வளைத்துப்போட்டுவிட்டது. வம்சத்தையே இழுத்த பிறகு அவள் செய்வதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை. பாசத்தில்தான் சொன்னார், மகள் மனசு நோகக்கூடாதே என்று. ஆனால் அதைக் கேட்ட பிறகு எவளாவது புத்தகத்தைத் திறப்பாளா?

அவள் ஒரு வாரம் அழுதாள். அதில் தப்பில்லை. அப்புறம் கேள்வித்தாளை எடுத்து உட்கார்ந்து எண்ணிப்பார்த்தாள். 25 கணக்கில் தொடாமல் விட்டவை எல்லாம் வட்டிக் கணக்கும், இத்தனை ஆள் இத்தனை நாள் வேலை என்று வரும் கணக்கும்தான். மற்றவற்றைச் சுமாராகப் போட்டிருந்தாள். ஆக, 'கணக்கு வராது' என்பது 'இந்த இரண்டு வகைக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை' என்று சுருங்கிவிட்டது. சுருங்கிய பிறகுதான் அது வேலை செய்யக்கூடிய அளவுக்கு வந்தது. இரண்டாவது தடவை மார்க் ஏறியது, ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை எழுதிவிட்டு இப்போது காத்துக்கொண்டிருக்கிறாள். இந்த இடத்தில் அவள் தாசில்தார் ஆகிவிட்டாள் என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடந்தது இதுதான்.

மூன்றாவது கேள்வியில் பலரும் வழுக்கிவிடுவார்கள். எல்லாம் என்னால்தான் என்று தலையில் போட்டுக்கொண்டால் ஆள் உடைந்துபோவான். எல்லாம் அடுத்தவனால்தான் என்றால் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்காது. கேள்வித்தாள் கஷ்டமாக இருந்தது உண்மை. வட்டிக் கணக்கைப் படிக்காமல் போனதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும்.

இதே செலிக்மனும் மையரும் ஐம்பது வருஷம் கழித்து, 2016இல், தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். தொடர்ந்து அடி விழும்போது அடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பு, யாரும் அதைக் கற்றுக்கொள்வதில்லை. இதில் என் கையில் ஏதோ இருக்கிறது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். சோர்ந்துபோனவனைக் கோழை என்று திட்ட வேண்டியதில்லை. அவன் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பது வருஷம் தூக்கிச் சுமந்த ஒரு கருத்தை, தப்பு என்று தெரிந்ததும் திருத்திக்கொண்டார்களே. கெட்ட சேதியை வாங்கிக்கொள்வதற்கு அவர்களே ஓர் உதாரணம்.

புத்திசாலிப் பிள்ளை

கல்யாண வீட்டில் பிள்ளையைக் கூட்டிவந்து, "இவன் ரொம்பப் புத்திசாலி, படிக்கவே வேண்டாம், ஒரு தடவை கேட்டால் போதும்" என்பார்கள். கேட்கிற நமக்கும் சந்தோஷம். இதைப் பற்றி கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு பேர் 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர்த் தாள் கொடுத்து, சில பேரிடம் "நீ புத்திசாலி" என்றும், சில பேரிடம் "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். அடுத்து ஒரு கடினமான தாள். அதில் எல்லாருமே சறுக்கினார்கள். அதற்குப் பிறகு முதல் தாளைப் போலவே சுலபமான ஒன்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் தங்கள் பழைய மார்க்கைக்கூட எட்டவில்லை. உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். தன் மார்க்கை மற்றப் பிள்ளைகளிடம் கூட்டிச் சொன்னவர்கள் புத்திசாலிக் கூட்டத்தில்தான் அதிகம்.

பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. 'புத்திசாலி' என்பது கிரீடம் மாதிரி. தலையில் வைத்துவிட்டால் அது விழாமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும். தப்பு நடந்தால் மறைக்கத் தோன்றும். திறமை என்பது உழைத்தால் வளரும் என்று நம்புவதை 'வளர்ச்சி மனநிலை' என்றும், பிறக்கும்போதே அளந்து கொடுத்தது என்று நம்புவதை 'நிலைத்த மனநிலை' என்றும் டுவெக் பிரித்தார்.

இதை வைத்து வாழ்க்கையே மாறும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பாடம். குறைவாக மார்க் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது, ஆனால் சிறிய பலன்தான். அதுவும் கஷ்டமான பாடத்தை எடுத்துப் பார்க்கிற பழக்கம் உள்ள பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது. விதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும் என்பது தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியாததா.

கனவில் சாப்பிட்ட அல்வா

வெற்றி பெற்றுவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள் என்று ஒரு பயிற்சி சொல்வார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினால் புது மிஷின், ஏசி போட்ட கடை எல்லாம் வரும். கண்ணைத் திறந்தால் அன்றைய தேதியில் வேலை செய்கிற ஆசை கொஞ்சம் குறைந்துதான் இருக்கும்.

அது என் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். கேப்ரியலா எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து, உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களைக் கவனித்து 1991இல் எழுதியிருக்கிறார். என்னால் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகக் குறைத்தார்கள். குறைந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கை வேறு, பகல்கனவு வேறு. கனவில் அல்வா சாப்பிட்டவனுக்கு இருட்டுக்கடை வரிசையில் போய் நிற்கப் பொறுமை இருக்காது.

அவர் சொல்லும் மாற்று எளியது. ஆசைப்படுவதை நினைத்துப் பார்த்த கையோடு, அதற்குக் குறுக்கே எனக்குள் நிற்பது எது என்பதையும் நினைக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்பவர் இன்னொன்று சேர்த்தார். 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதிவைப்பது. என் சித்தி மகள் எழுதி ஒட்டியிருந்த வாக்கியம், "சாப்பிட்டு முடித்ததும் கை போனை எடுத்தால், அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வட்டிக் கணக்கு மூன்று போடுவேன்." இனிமேல் நன்றாகப் படிப்பேன் என்று எழுதுவதைவிட இப்படிக் குறிப்பாக எழுதுகிறவர்கள் அதிகமாகச் செய்துமுடிக்கிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆராய்ந்து பார்த்தால் இது என் தாத்தா சொன்ன வாக்கியம்தான். வந்தால் மேலே, வடிந்தால் கீழே.

தமிழில் இந்த வகை எழுத்தைத் தேடிப் பார்த்தால், அதில் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவரின் கைவண்ணமும் உண்டு. வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரமும் அவர் கப்பல் ஓட்டிய தூத்துக்குடியும் அப்போது திருநெல்வேலி மாவட்டம், 1986இல்தான் பிரிந்தது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அந்தச் சிறைக் காலத்தில்தான், எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படி என்று ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார்.

இங்கே நான் கொஞ்சம் தயங்குவேன். மனம் போல அவருக்கு வாழ்வு அமைந்ததா? கப்பல் கம்பெனி போயிற்று, வக்கீல் உரிமம் பறிபோயிற்று, வெளியே வந்த பிறகு வறுமை. நல்ல மனநிலை இருந்தால் நல்ல முடிவு வரும் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பறிபோன உரிமம் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் திரும்பக் கிடைத்தபோது, அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். ஒரு வெள்ளை நீதிபதி தீட்டிய தண்டனைக்காக எல்லா வெள்ளைக்காரரையும் அவர் வெறுத்துவிடவில்லை. கெட்டது பரவாமல் அதனதன் இடத்திலேயே நிறுத்திவைத்தார். மேலே சொன்ன இரண்டாவது கேள்வி இதுதான்.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனநிலைப் பயிற்சியில் தீருகிற விஷயமில்லை. அப்படிப்பட்டவரிடம் "நல்லதா நினை" என்று சொல்வது, காய்ச்சல்காரனிடம் குளிர்ச்சியாக இரு என்பது மாதிரி. திருநெல்வேலியில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் காசில்லாமல் பேசலாம்.

ஆளை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு

இனி என் தப்பு. சில வருஷம் முன்னால் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, பிரஸ் சுவரில் "இங்கு நேர்மறையாக மட்டுமே பேசுவோம்" என்று ஓர் அட்டை அடித்து ஒட்டினேன். அதே மாதம் ஓர் ஆவணி முகூர்த்தம், 800 பத்திரிகை. சிவகாசியில் வாங்கிய நல்ல கார்டு. தேதி சரி, கிழமை தப்பு. வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை என்று அடித்துக் கொடுத்துவிட்டோம். பெண் வீட்டில் ஓரத்துக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்தபோது அவர்கள் ஆச்சி கண்டுபிடித்தார். அந்த ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தோம், என் செலவில்.

விசாரித்தபோது தெரிந்தது, மிஷினில் நின்ற பையன் நூறு கார்டு ஓடும்போதே பார்த்துவிட்டான். ஏன் சொல்லவில்லை? முந்தின வாரம் அவன் ஓரம் கோணுகிறது என்று சொன்னதற்கு, வாடிக்கையாளர் முன்னாலேயே, "நீ எனக்குச் சொல்லித்தாரியோ, ஓட்டுல" என்று நான் கத்தியிருந்தேன். அதோடு சுவரில் அட்டை வேறு. நேர்மறையாக மட்டும் பேச வேண்டும் என்றால், கிழமை தப்பு என்பதை எப்படிச் சொல்வான்?

ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அதிகமாக இருந்தது. குழம்பிப்போய்த் தோண்டியபோதுதான் புரிந்தது. நல்ல குழுக்களில் தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள், அதனால் பதிவாயிற்று. மற்ற இடங்களில் மறைத்தார்கள். பயமில்லாமல் பேச முடிகிற அந்தச் சூழலை 1999இல் ஒரு கட்டுரையில் 'உளவியல் பாதுகாப்பு' என்று விளக்கினார். தனி ஆளுக்கு நேர்மறை மனநிலை என்பது கெட்ட சேதியை வாங்கிக்கொள்வது என்றால், தலைவனுக்கு அது கெட்ட சேதி தன்னிடம் வந்துசேர வழி வைப்பது.

2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. உள்ளே சுமார் 800 பேர். முன்னால் பாதை சரியில்லை என்ற சேதி சரியான நேரத்தில் சரியான ஆளுக்குப் போயிற்று, அவர் அதைக் கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போகும் என்று யாராவது பச்சைக்கொடி காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சுற்று ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வெள்ளம் நின்ற நேரத்திலும் அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

பிரஸ்ஸில் அட்டையைக் கிழித்தேன். 'தவறுகள்' என்று ஒரு நோட்டு வாங்கிவைத்தேன், ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுத்தில் மாட்டிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை? அப்புறம், பதினொரு மணி டீ நேரத்தில் அந்த வாரம் நான் செய்த தப்பை நானே சொல்ல ஆரம்பித்தேன். முதல் மாதம் எல்லாரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாதம் பைண்டிங் பார்க்கிற அக்கா ஒன்று சொன்னார். 'யார் செய்தது' என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டு, 'எத்தனை ஓடியிருக்கு' என்று கேட்கப் பழகிக்கொண்டேன். மிஷினை நிறுத்த யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டேன். நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். சில நாள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் நிறுத்துகிறார்கள்.

போன வாரம் வெளியே ஒரு பார்ட்டியிடம் பேசிக்கொண்டு நிற்கிறேன், அதே பையன் மை படிந்த கையோடு வந்தான்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை இனிஷியல் தப்பா இருக்கு."

பார்ட்டி முகத்தைப் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அதை முழுங்க இரண்டு விநாடி ஆயிற்று.

"எத்தனை ஓடியிருக்கு?"

"நாப்பது. நிறுத்திட்டேன்."